கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்: 31 செஷன், மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிப் பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம். அதற்கான சாகசக் கதைப் புத்தகமான கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டை வாங்கி இரண்டு வருடம் அலமாரியில் வைத்திருந்தேன். அப்புறம்தான் தைரியம் வந்தது. நான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன், நான்கு பிளேயர்கள் (அவர்கள் கேரக்டர்கள் பாலடின் என்ற புனித வீரர், ரோக் என்ற திருடர், ரேஞ்சர் என்ற காட்டு வேட்டைக்காரர், விஸார்ட் என்ற மந்திரவாதி; இனி அவர்களையும் இந்தப் பெயரிலேயே சொல்கிறேன்), இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிறு மாலை நான்கிலிருந்து எட்டு வரை. மொத்தம் 31 செஷன், பதினான்கு மாதத்துக்கும் மேல். ஆட்டம் தமிழில், விதிகள் மட்டும் ஆங்கிலத்தில். ரெடிமேட் கேம்பெயின் (பல செஷன் ஓடும் தொடர்கதை) நடத்தலாமா என்று யோசிக்கிற சிலர் எதை வெட்டினேன், எதைக் கூட்டினேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். கதையின் முடிவு வரை எல்லாம் இதில் இருக்கிறது, பிளேயராக இதை ஆடும் எண்ணம் உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1983இல் ட்ரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய ரேவன்லாஃப்ட் என்ற 32 பக்க சாகசம்தான் இதற்கு மூலம். ஒரு மாளிகை, ஒரு ரத்தக்காட்டேரி, ஒரு இரவு, அவ்வளவுதான். அதை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புக்காக 2016இல் 256 பக்கமாக விரித்தார்கள். மூடுபனி சூழ்ந்த பரோவியா என்ற பள்ளத்தாக்குக்குள் பிளேயர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். அதன் பிரபு ஸ்ட்ராட் வான் ஸரோவிச் சாகும் வரை வெளியே போக வழி இல்லை. கேரக்டர்களின் பலத்தை லெவல் கணக்கில் சொல்வார்கள், இது முதல் லெவலில் தொடங்கி பத்தாம் லெவல் வாக்கில் முடியும்.

முதல் தடவை கதைப் புத்தகம் மாதிரி படித்தேன், மயங்கிப்போனேன். இரண்டாவது தடவை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன்: இந்த அத்தியாயத்தில் யாருக்கு என்ன வேண்டும்? அரக்கர்கள், புதையல், மேப் எதையும் குறிக்கவில்லை. நோட்டில் பதினைந்து பக்கம் ஓடிய பிறகு ஒன்று தெரிந்தது. ஸ்ட்ராட் தன் தம்பி செர்கேயின் மணப்பெண் டாட்யானாவை விரும்பி, கல்யாண நாளிலேயே தம்பியைக் கொன்றவன். அவள் அவனிடமிருந்து தப்பிக்க மாளிகையிலிருந்து குதித்துவிடுகிறாள். அவள் திரும்பத் திரும்பப் பிறக்கிறாள், இவனும் திரும்பத் திரும்பத் துரத்துகிறான். இந்தப் பிறவியில் அவள் பெயர் ஐரீனா. மொத்தப் புத்தகமும் ஒருவனுடைய "எனக்கு வேண்டும்" மேல்தான் நிற்கிறது. ஆனால் ஐரீனாவுக்கு என்ன வேண்டும் என்ற கட்டத்தில் என் நோட்டில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அவளைப் பத்திரமான ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான் எழுதியிருந்தேன். நான் செய்த மாற்றங்களில் முக்கால்வாசி அந்தக் காலி இடத்திலிருந்துதான் வந்தன.

புத்தகத்தின் பலம் என்ன என்று கேட்டால், ஊரும் ஆட்களும். மாளிகையின் மேப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம், 1983இலிருந்து அதே சாய்வான முப்பரிமாண வரைபடம், எந்தப் படிக்கட்டு எந்தத் தளத்தில் போய் முட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு ராத்திரி முழுக்க உட்காரலாம். பலவீனம், எதை எப்போது சந்திக்க வேண்டும் என்பதில் பிடிமானம் இல்லை. நான்காம் லெவல் கூட்டம் நடந்து போகிற சாலை ஓரத்திலேயே ஆளையே முடித்துவிடக்கூடிய காற்றாலை நிற்கிறது. திறந்த உலகம் என்றால் அப்படித்தான் என்பார்கள், சரி. ஆனால் அபாயம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதைத் தவிர்ப்பதும் எதிர்ப்பதும் பிளேயரின் முடிவாக இருக்கும்.

முதல் செஷனுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். திகில் கதை, இதில் குழந்தைகளுக்குக் கெட்டது நடக்கும், பெண்ணைத் துரத்துகிற ஒருவன் இருக்கிறான், குடும்பத்துக்குள் வன்முறை இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எக்ஸ் கார்டையும் மேஜை நடுவில் வைத்தோம், யாருக்குத் தாங்கவில்லையோ அவர் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிட வேண்டும். பாலடின் ஆடியவருக்கு அப்போதுதான் மகள் பிறந்து நான்கு மாதம். "பசங்க சாகறத மட்டும் என்னால கேக்க முடியாது" என்றார். அந்த ஒரு வாக்கியம் இரண்டு அத்தியாயங்களை மாற்றியது.

ஒன்று டெத் ஹவுஸ். பின்னிணைப்பில் இருக்கும் தொடக்க சாகசம், ஒன்றிலிருந்து மூன்றாம் லெவல் வரை கொண்டுபோகும். பூட்டிய அறையில் பசியால் செத்துப்போன அக்கா தம்பியின் ஆவிகள்தான் அதன் உயிர்நாடி. அதை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் மிச்சம் எதுவும் நிற்காது, அதனால் அத்தியாயத்தையே விட்டுவிட்டு மூன்றாம் லெவலில் நேராக பரோவியா கிராமத்தில் தொடங்கினோம். வருத்தம்தான். ஆனால் அந்த வீட்டுக்கும் ஐரீனாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, என் நோட்டின் கணக்கில் அது போவது சரி.

இன்னொன்று அந்தக் காற்றாலை, ஓல்ட் போன்கிரைண்டர். புத்தகத்தில் மூன்று சூனியக்காரிகள், தாயும் இரண்டு மகள்களும், குழந்தைகளின் எலும்பை மாவாக அரைத்துப் பலகாரம் சுடுகிறார்கள். அதைத் தின்றால் சுகமான கனவு வரும், ஊர்க்காரர்கள் அதற்கு அடிமையாகிக் கடைசியில் பெற்ற பிள்ளையையே விலையாகக் கொடுக்கிறார்கள். கொடூரமான யோசனை, ஆனால் அதற்குள் இருக்கும் விஷயம் உண்மையானது: துக்கத்தை மறக்க எதையும் விற்றுவிடுகிற நிலைமை. அதை இழக்க எனக்கு மனசில்லை. பல நாள் யோசித்து எலும்பைப் பால் பல்லாக மாற்றினேன். நம் வீடுகளில் விழுந்த பல்லைக் கூரை மேல் எறிவோம் இல்லையா, அதிலிருந்து வந்தது. என் பரோவியாவில் கிழவி மோர்காந்தா வீடு வீடாக வந்து பால் பல்லை வாங்கிக்கொள்கிறாள். பல் கொடுத்த குழந்தை உயிரோடுதான் இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு கனவே வராது, சிரிக்காது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்தக் கனவுதான் பெரியவர்கள் தின்கிற பலகாரத்துக்குள் இருக்கிறது.

ஏழாவது செஷனில் ரோக் ஆலையின் மேல்தளத்தில் ஒரு கோணிப்பையைக் கண்டுபிடித்தார். கையை உள்ளே விடுகிறேன் என்றார். அரிசி மாதிரி இருக்கிறது, ஆனால் அரிசியை விடக் கொஞ்சம் பெரியது, வழவழப்பு, சிலவற்றில் ஒரு பக்கம் கூர்மை என்று சொன்னேன். அவர் கையை வெளியே எடுக்கிற மாதிரி தன் சொந்தக் கையை மேஜைக்குக் கீழிருந்து மெதுவாக மேலே எடுத்தார். யாரும் பேசவில்லை. பாலடின் கார்டைத் தொடவில்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறோம், ஒவ்வொரு வீட்டுலயும் திருப்பிக் குடுக்கறோம்" என்றார். பல்லைத் திருப்பிக் கொடுத்தால் கனவு திரும்ப வரும் என்று நான் அதுவரை யோசித்தே இருக்கவில்லை. அந்த நிமிஷமே வரும் என்று முடிவு செய்தேன். அடுத்த இரண்டு செஷன் முழுக்க அந்தப் பையோடு கிராமத்தில் கதவு கதவாகத் தட்டினார்கள். புத்தகத்தில் இல்லாத அந்த இரண்டு செஷனைத்தான் இன்றைக்கும் முதலில் பேசுகிறார்கள்.

சண்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சூனியக்காரி ஒருத்திக்கு 112 ஹிட் பாயின்ட், அதாவது அடிபட அடிபடக் குறைகிற உயிர்ப்புள்ளி. மூவரும் சேர்ந்திருந்தால் கூட்டாக மின்னல் உட்பட பெரிய மந்திரங்கள் கிடைக்கும், நான்காம் லெவலில் அந்த மின்னல் ஒன்று சரியாக விழுந்தால் பாதிப் பேர் தரையில். எண்களைக் குறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் மகள்கள் இருவரும் பகலில் விற்கப் போய்விடுவார்கள் என்று வைத்து, அந்த நேரத்தைக் கிராமத்து ஆட்கள் வாயால் முன்கூட்டியே தெரியவைத்தேன். பிளேயர்கள் இரண்டு நாள் ஆலையை நோட்டம் விட்டு, மோர்காந்தா தனியாக இருந்தபோது உள்ளே போனார்கள். அரக்கனைப் பலவீனமாக்குவதை விடத் தகவலைக் கூட்டுவது எப்போதும் நல்ல பலன் தந்தது, இதை எந்தக் கேம்பெயினுக்கும் சொல்வேன்.

ஐரீனாவுக்கு வருகிறேன். தொடக்கத்தில் அவளுடைய அப்பா செத்துக்கிடக்கிறார், ஊர்க்காரர்கள் பயத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சவப்பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. புத்தகத்தில் இது சின்னக் காட்சி. தூக்கிப்போட நாலு பேர் வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள், அதுவும் சரியாக நான்கு பிளேயர்கள். அந்தக் காட்சியை ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டினேன். யார் எந்த மூலையைப் பிடிக்கிறார்கள், தெருவில் எந்த ஜன்னல் மூடுகிறது, ஐரீனா முன்னால் நடக்கிறாளா பின்னாலா. அன்றைக்கு ஒரு பகடைகூட உருட்டவில்லை. அந்த ராத்திரியிலிருந்து அவள் அவர்களுடைய ஆள்.

அடுத்தது டரோக்கா என்ற குறிச்சீட்டு. மேடம் ஈவா என்ற குறிகாரி சீட்டு எடுத்துச் சொல்கிற குறிதான் ஸ்ட்ராட்டுக்கு எதிரான மூன்று பொருட்கள் எங்கே, துணை யார், கடைசிச் சண்டை எந்த இடத்தில் என்று தீர்மானிக்கும். 54 சீட்டு, நிஜமாகவே கலைத்து எடுக்கச் சொல்கிறது புத்தகம். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு கதை வரும் என்பது அழகுதான், ஆனால் முக்கியமான பொருள் மூன்றும் ஒரே மூலையில் விழவும் வாய்ப்பு உண்டு. நான் முன்னாலேயே அடுக்கிவைத்துவிட்டேன். ஸ்ட்ராட்டின் சொந்தக் குறிப்பேடு ரத்தக்காட்டேரி வேட்டைக்காரர் வான் ரிக்டனின் வண்டியில், புனிதச் சின்னம் ஆர்கின்வோஸ்ட்ஹோல்ட் பாழ்மாளிகையில், சூரிய வாள் செர்கேயின் கல்லறையில். துணைக்கு ஐரீனா. அவளுக்குப் பிளேயர்களுக்கு இருப்பது மாதிரியே திறமைகளையும் எண்களையும் குறிக்கும் முழு கேரக்டர் ஷீட் எழுதி, சண்டை வரும்போது செஷனுக்கு ஒருவராக மாறி மாறி அவளை ஆடக் கொடுத்தேன். காப்பாற்ற வேண்டிய சுமையாக இருந்தவள் நாலு பேரின் கை பட்ட ஆளாகிவிட்டாள், ஷீட்டில் நாலு விதக் கையெழுத்து.

விஸ்டானி, அதாவது பரோவியாவில் வண்டிகளில் திரியும் நாடோடிகள், பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2016 பதிப்பில் அவர்கள் குடிகாரர்கள், திருடர்கள், ஸ்ட்ராட்டின் ஒற்றர்கள் என்று வருவது ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களைப் பற்றிய பழைய வசையின் நகல். 2020இல் பதிப்பாளர்களே அதை ஒத்துக்கொண்டு, ரோமா ஆலோசகர் ஒருவரை வைத்துத் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். என்னிடம் இருந்தது பழையது. ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள், அவர்கள் மொழியில் தண்ணீருக்கு இன்றைக்கும் பானி என்றுதான் பெயர். நம் ஊரில் நரிக்குறவர்களை பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற பார்வையும், 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து 1952 வரை ஒட்டிக்கொண்டிருந்த குற்றப் பரம்பரைப் பட்டியலும் எனக்கு ஞாபகம் வந்தன. தூரத்து நாட்டுக் கற்பனை என்று விட்டுவிட முடியவில்லை. என் ஆட்டத்தில் விஸ்டானி மூடுபனியைக் கடக்கத் தெரிந்தவர்கள், அந்தத் திறமைக்காகவே ஸ்ட்ராட் அவர்களை மிரட்டி வைத்திருக்கிறான், முகாமுக்குள்ளேயே அவனிடம் பணிகிறவர்களும் எதிர்க்கிறவர்களும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இதற்கு அதிக வேலையும் இல்லை. யாருக்கு என்ன வேண்டும் என்ற அதே கேள்வியை அவர்களிடமும் கேட்டால் போதும்.

வல்லாக்கி என் தவறு. மதில் சூழ்ந்த ஊர், அதன் தலைவர் வர்காஸ் வாரம் தவறாமல் திருவிழா நடத்தி, எல்லோரும் சந்தோஷமாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார். அவருடைய முழக்கத்தை "எல்லாம் நல்லபடியா நடக்கும்!" என்று தமிழில் வைத்தேன். தினமும் யாராவது நம்மிடம் சொல்கிற வார்த்தை. காவல்காரன் ஒருவன் விழாவில் சிரித்துவிட்டதற்காக அவனைக் குதிரையில் கட்டி இழுக்கும்போது கூட்டம் மொத்தமும் அதைக் கோஷம் போட்டபோது மேஜையில் உண்மையாகவே ஒரு குளிர் பரவியது. அது வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஆனால் தேவாலயத்தில் திருடுபோன புனிதரின் எலும்புகள், வர்காஸைக் கவிழ்க்க லேடி வாக்டர் போடும் சதி, ஐரீனாவின் முகச்சாயலில் பொம்மை செய்யச் சொல்லிச் சேர்த்துவைத்திருக்கும் வர்காஸின் அடியாள் ஐஸெக் என்று மூன்று கதையையும் ஒரே நேரத்தில் ஓட்டினேன். ஒன்பது செஷன் அந்த ஒரே ஊரில். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று முன்னால் வந்து நின்றது. பதினைந்தாவது செஷன் முடிந்ததும் விஸார்ட் ஆடியவர் போன் செய்து, "நாங்க இங்க எதுக்கு இருக்கோம்னே மறந்துபோச்சு" என்றார். அவர் சொன்னது சரி. ஐஸெக் ஒருவன் போதும், அவன் ஐரீனாவின் தொலைந்துபோன அண்ணன், கதையின் முதுகெலும்போடு நேராகச் சேர்கிறவன். மற்ற இரண்டையும் ஊர்ப்பேச்சாக விட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் வெட்ட ஆரம்பித்தேன். ஓநாய் மனிதர்களின் குகை போனது. பெரெஸ் சதுப்பு நிலம் போனது. திராட்சைத் தோட்டத்து அத்தியாயத்தில் மூன்று மந்திரக் கற்கள் தொலைந்திருக்கின்றன, அதில் முதல் கல் எங்கே என்று புத்தகம் கடைசி வரை சொல்வதில்லை, தேடிக் களைத்த டிஎம்கள் நிறையப் பேர். மூன்றை ஒன்றாக்கி ஒரே செஷனில் முடித்தேன். ஆம்பர் கோயிலை மட்டும் பாதியாக்கி வைத்துக்கொண்டேன், ஸ்ட்ராட் சாகாவரத்துக்காக இருட்டோடு ஒப்பந்தம் போட்ட இடம் அது. அதே பேரம் பிளேயர்கள் முன்னாலும் நீட்டப்பட வேண்டும். ரேஞ்சர் வாங்கிக்கொண்டார், அந்தக் கதை இங்கே அடங்காது.

இனி ஸ்ட்ராட். அவனை எப்படிப் பேசவைப்பது என்பதுதான் எனக்குப் பல ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. ஆங்கிலத்தில் அவன் மரியாதையாகப் பேசுகிற பிரபு, குரலை மாற்றினால் வேலை முடிந்தது. தமிழில் வாயைத் திறந்ததுமே நீயா நீங்களா என்று வந்துவிடும். யோசித்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். அவன் எல்லோரையும், வேலைக்காரனைக்கூட, நீங்கள் என்றுதான் கூப்பிடுவான். ஐரீனாவை "வாங்க, உட்காருங்க" என்பான். இருபத்திரண்டாவது செஷனில் மாளிகையில் விருந்து. புத்தகத்தில் அந்த மேஜையில் ஆர்கன் வாசிப்பது ஸ்ட்ராட்டின் மாயத்தோற்றம், என் ஆட்டத்தில் அவனே வந்து உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் பயணம் எப்படி, சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இருந்தான். அன்றைக்கு ஐரீனாவை ஆடியது ரோக். ஸ்ட்ராட் ஒரு தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இது உங்களுக்குப் பிடிக்குமே" என்றான். "எனக்குப் பிடிக்காது. டாட்யானாவுக்குப் பிடிச்சிருக்கலாம்" என்று பதில் வந்தது. நான் சில வினாடி பேசாமல் இருந்துவிட்டு, குரலை உயர்த்தாமல், "சாப்பிடு" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் மரியாதை கழன்று விழுந்தது நான்கு பேருக்கும் கேட்டது. பாலடின் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார், கேரக்டர் இல்லை, அவரே.

கிரெஸ்க் என்ற ஊரில் இருக்கும் குளம்தான் நான் முழுசாக மாற்றிய இடம். புத்தகத்தில் ஐரீனா அந்தக் குளத்தருகே வந்தால் செர்கேயின் ஆவி தோன்றிக் கூப்பிடும், அவளுக்குப் பழைய பிறவி ஞாபகம் வரும், அவனோடு போய்விடுவாள். அவளை விரும்பியவன் கூட்டிப்போகிறான், அதோடு அவள் கதை முடிந்தது. ஸ்ட்ராட்டிடமிருந்து தப்பினாள் என்பது நிஜம், ஆனால் இதிலும் அவள் டாட்யானாவாக ஆனபிறகுதான் தப்புகிறாள், ஐரீனா என்ற பெண் என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. நான் செர்கேயை வரவிட்டேன், ஞாபகமும் வரவிட்டேன். அப்புறம் அன்றைக்கு அவளை ஆடிய விஸார்டிடம் ஷீட்டைக் கொடுத்து, என்ன செய்கிறாள் என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். செர்கேயிடம், "உங்களை எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா என் அப்பாவைத் தூக்கினவங்க இங்க நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டுக் கரைக்குத் திரும்பி வந்தாள். முதல் செஷனில் பிடித்த சவப்பெட்டி இருபத்தாறாவது செஷனில் இப்படி வந்து சேரும் என்று நான் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

கடைசிச் சண்டை பற்றிச் சுருக்கமாக. ஸ்ட்ராட்டுக்கு 144 ஹிட் பாயின்ட், கூடவே முதல் 50 புள்ளி சேதத்தை மாளிகைக் கோபுரத்தில் தொங்கும் படிக இதயம் தாங்கிக்கொள்ளும். சூரிய வாளோடு வருகிற நான்கு பேர் முன்னால் ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் சீக்கிரம் செத்துப்போவான். சுவருக்குள் புகுந்து வெளியேறும் சக்தி அவனுக்கு உண்டு, அதை முழுசாகப் பயன்படுத்துங்கள். அடித்துவிட்டு மறைய வேண்டும், காயம் ஆறியதும் வேறு அறையில் வர வேண்டும். எங்கள் சண்டை மூன்று அறை, இரண்டு செஷன். செர்கேயின் கல்லறையில் வாளை எடுத்த பாலடின் அதை ஐரீனாவிடம் நீட்டினார், நால்வரும் ஏற்கனவே பேசி வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. அது வரைக்கும் ஸ்ட்ராட்டை நீங்கள் என்றே பேசிக்கொண்டிருந்தவள் முதல்முறையாக, "நீ யாரு எனக்கு?" என்று கேட்டாள். இருபது முகப் பகடையில் 19 விழுந்தது.

புத்தகத்தின்படி அவன் நிரந்தரமாகச் சாவதில்லை, இருட்டுச் சக்திகள் சில காலம் கழித்து அவனைத் திரும்ப எழுப்பிவிடும், பரோவியாவில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. திகில் கதைக்கு அது பொருத்தமான முடிவுதான், அப்படியே வைக்கத்தான் நினைத்திருந்தேன். எல்லோரும் கிளம்பும்போது பாலடின் செருப்பை மாட்டிக்கொண்டே, அவன் திரும்பி வருவானா என்று கேட்டார். வரமாட்டான் என்று சொன்னேன். அடுத்த வாரம் உட்கார்ந்து என் குறிப்பில் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, பல் திரும்பக் கிடைத்த குழந்தைகள் பெரியவர்களான பரோவியாவுக்கு ஒரு மேப் போட ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த குழு அங்கேதான் தொடங்கப்போகிறது, வல்லாக்கிக்கு நான்கே செஷன்.